கடலுக்குள் ஒரு கடலை!

வேர்க்கடலை எங்கே விளைகிறது என்று கேட்டால், “மண்ணுக்குள்ளே!” என்று 3-ஆம் வகுப்புக் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் சமுத்திரத்து மணலுக்குள்ளும் ஒரு கடலை உண்டு; அதற்கு உயிர் உண்டு, பசி உண்டு, தொட்டால் வெடுக்கென்று முகத்தை உள்ளே இழுத்துக் கொள்ளும் கூச்சமும் உண்டு என்று சொன்னால் நம்புவீர்களா?

நம்பத்தான் வேண்டும். இங்கிலீஷ்காரர்கள் இந்தப் பிராணிக்கு வைத்திருக்கும் பெயரே ‘கடலைப் புழு’ என்பதுதான். புழு என்றதும் சகோதரிகள் சிலர் முகத்தைச் சுளித்துக் கொண்டு, தொடர்கதைப் பக்கத்தைத் தேடிப் புரட்டக் கூடும். கொஞ்சம் பொறுத்துக் கொள்ளுங்கள். ஒரே வாசல் உள்ள வீட்டில், பின்கட்டும் இல்லாமல், குப்பை கொட்டக் கொல்லைப்புறமும் இல்லாமல் குடித்தனம் நடத்துவது எவ்வளவு சிரமம் என்பது பட்டணத்தில் ஒண்டிக் குடித்தனம் செய்தவர்களுக்குத் தெரியும். இந்தப் புழுவின் வம்சம் 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாக அப்படித்தான் குடித்தனம் நடத்தி வருகிறது. அதன் உடம்பில் நமக்குக் கோணலாகத் தோன்றும் ஒவ்வோர் அம்சத்துக்கும் அந்த ஒற்றை வாசலே காரணம்.

முதலில் ஆளைப் பார்த்துவிடுவோம்.

கடலைப் புழுக்களில் ஏறக்குறைய 150 இனங்கள் இருக்கின்றன. அத்தனையும் கடல்வாசிகள். ஆற்றிலோ குளத்திலோ ஒன்றைக்கூடக் காண முடியாது. அரிசி மணி அளவே உள்ளவையும் உண்டு; ஓர் அடிக்கு மேல் நீளுகிறவையும் உண்டு. உடம்பில் இரண்டே பகுதிகள். பின்னால் பருத்த உருளை. முன்னால் மெல்லிய தும்பிக்கை. தும்பிக்கையின் நுனியில் வாய். வாயைச் சுற்றிக் குஞ்சம் கட்டியது போல் உணர்விழைகள். அவ்வளவுதான்! காலில்லை, துடுப்பில்லை, எலும்பில்லை. மண்புழுவுக்கு இருப்பது போன்ற வளையங்களும் இல்லை.

விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். தும்பிக்கை காணாமல் போய்விடும்! குழந்தையின் சட்டையை அவசரமாகக் கழற்றும்போது கைப்பகுதி உட்புறமாகத் திரும்பிக் கொள்கிறதல்லவா? அதே மாதிரி தும்பிக்கை நுனியிலிருந்து உட்புறமாகத் திரும்பிக் கொண்டு உடம்புக்குள் போய்விடுகிறது. உள்ளே இருக்கும் இழுதசைகள் கிணற்றுக் கயிறு மாதிரி அதைச் சுண்டி இழுத்துவிடுகின்றன. பெரும்பாலான இனங்களில் இந்தக் கயிறுகள் 4, சிலவற்றில் இரண்டே. இழுத்துக் கொண்டதும் உடம்பு உப்பி, விறைத்து, தோலுரிக்காத கடலைப் பருப்பு மாதிரி ஆகிவிடுகிறது. சின்ன இனங்களைப் பார்த்தால் வாயில் போட்டுக் கொள்ளலாம் போலவே இருக்கும். பெயர் வந்தது இதனால்தான்.

சரி, உள்ளே போன தும்பிக்கை எப்படி வெளியே வருகிறது? தள்ளிவிடத் தசை கிடையாது. அதற்கு இந்தப் பிராணி கையாளும் உபாயத்தை நம் சமையலறையிலேயே பார்க்கலாம். முறுக்கு நாழியின் மேலே அழுத்தினால் மாவு கீழே வருகிறதே, அதுதான். உடம்பு முழுவதும் திரவம் நிறைந்திருக்கிறது. சுற்றுச் சுவரிலுள்ள தசைகள் இறுகியதும் திரவத்துக்கு வேறு போக்கிடம் இல்லை; தும்பிக்கையை வெளியே பிதுக்கித் தள்ளுகிறது. இப்படி நீட்டுவதும் இழுப்பதுமாகவே இது மணலைத் துளைத்துக் கொண்டு முன்னேறுகிறது. ஓர் எலும்பின் உதவியும் இல்லாமல்!

இந்த வம்சத்தில் பேர்பெற்ற ஆசாமிக்கு ஸிபங்குலஸ் நூடஸ் என்று பெயர். 1766-இல் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் வைத்த பெயர் இது. ‘ஆடையில்லாத சின்னக் குழாய்’ என்று அர்த்தம். இது கொஞ்சம் அநியாயமான பெயர் என்றே எனக்குப் படுகிறது. இதன் தோலடியில் தசைகள் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் பட்டை பட்டையாக ஓடுவதால், மேல்தோல் முழுவதும் கட்டம் போட்ட கைத்தறித் துணியைப் போல் இருக்கிறது. வெளிச்சத்தில் திருப்பினால் பட்டின் பளபளப்பு வேறு. இதைப் போய் ஆடையில்லாதது என்று சொல்லலாமா?

ஒற்றை வாசல் வீடு

கடலைப் புழுவின் வாசஸ்தலம் பெரும்பாலும் ஒரு பொந்துதான். மணலில் தோண்டிய வளையாக இருக்கலாம், பாறையிடுக்காக இருக்கலாம், சொந்தக்காரன் செத்துப் போன நத்தைக் கூடாகவும் இருக்கலாம். சில இனங்கள் பவளப் பாறையையே குடைந்து உள்ளே போய்விடுகின்றன. எதுவானாலும் தலைப் பக்கம் வாசல்; கால் மாட்டில் சுவர்.

மற்றப் புழுக்களைப் போல் இதற்கும் ஒரு முனையில் வாயும் மறுமுனையில் கழிவு வாசலும் இருந்தால் என்ன ஆகும்? வீட்டின் அடிக்கட்டில் அசுத்தம் சேர்ந்து, குடியிருப்பவரே மூச்சு முட்டிப் போக வேண்டியதுதான். ஆகையால் கடலைப் புழுவின் குடல் நேராகப் போய் முடிவதில்லை. வாயிலிருந்து உடம்பின் அடிவரை இறங்குகிறது. அங்கே திரும்பி மறுபடியும் மேலே ஏறுகிறது. ஏறும்போது சும்மா வராமல், இறங்கிய குடலோடு முறுக்கிக் கொண்டு, இரண்டு புரியாகத் திரித்த கயிறு போல் வருகிறது. கடைசியில் முதுகுப் புறத்தில், தும்பிக்கை தொடங்கும் இடத்துக்கு அருகில் கழிவு வாசல் திறக்கிறது. வீட்டுக் குப்பையைத் தெருவாசலிலேயே கொட்டிவிடலாம். உள்ளே ஒரு துளி அசுத்தம் தங்காது.

ஆகாரம் என்ன தெரியுமா? மணல்தான். ஸிபங்குலஸ் நூடஸ் மணலை மணலாகவே விழுங்குகிறது. மணலில் ஒட்டியிருக்கும் நுண்ணிய பாசியையும் மக்கிய துணுக்குகளையும் ஜீரணித்துக் கொண்டு, சுத்தமான மணலைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. கடலடியின் மேல்மணலும் அடிமணலும் இதனால் ஓயாமல் கிளறப்படுகின்றன.

இந்த ஏற்பாடு நேற்று இன்று வந்ததல்ல. சீனாவில் யுன்னான் மாகாணத்தில் செங்ஜியாங் என்ற இடத்துப் பாறைகளில் சுமார் 52 கோடி ஆண்டுகளுக்கு முந்திய பிராணிகள் அச்சுப் பதித்தாற்போல் கிடைக்கின்றன. அவற்றுள் கடலைப் புழுவின் மூதாதையரும் இருப்பதாக 2004-இல் சீன விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். பருத்த உருளை, மெல்லிய தும்பிக்கை, நுனியில் இழைகள், போய்த் திரும்பும் குடல், எல்லாம் இன்றைக்கு இருப்பது போலவே! டைனோஸர்கள் தோன்றி, ஆண்டு அனுபவித்து, அழிந்தே போய்விட்டன. இதற்கு வீட்டை மாற்றிக் கட்டவேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

நிறம் மாறும் ரத்தமும் நீந்தும் ஜாடிகளும்

கடலைப் புழுவுக்கு நம்மைப் போன்ற இருதயம் இல்லை. உடம்பை நிறைத்திருக்கும் திரவமே அதற்கு ரத்தம். அந்தத் திரவத்தில் மிதக்கும் அணுக்களில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருள் ஒன்று இருக்கிறது. நம் ரத்தத்தில் உள்ளது ஹீமோகுளோபின்; இதனிடம் இருப்பது ஹெமெரித்ரின். இதிலும் இரும்பு உண்டு. இரண்டு இரும்பு அணுக்கள் சேர்ந்து பிராணவாயுவின் ஒரு மூலக்கூற்றைப் பிடித்துக் கொள்கின்றன. வேடிக்கை என்னவென்றால், பிராணவாயு இல்லாதபோது இதற்கு நிறமே கிடையாது. பிராணவாயு வந்து சேர்ந்ததும் ரோஜாவும் ஊதாவும் கலந்தாற்போல் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறிவிடுகிறது! உயிரினங்களில் மிகச் சிலவற்றுக்கே இப்படிப்பட்ட ரத்தம் வாய்த்திருக்கிறது.

அந்தத் திரவத்துக்குள் இன்னும் ஓர் அதிசயம் நடக்கிறது. ஸிபங்குலஸ் நூடஸின் ஒரு சொட்டுத் திரவத்தைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், குட்டிக் குட்டி ஜாடிகள் நீந்திக் கொண்டிருப்பது தெரியும். விஞ்ஞானிகளும் அவற்றை ‘ஜாடி’ என்றே அழைக்கிறார்கள். அடியில் மயிர் போன்ற இழைகளை அடித்துக் கொண்டு ஒவ்வொரு ஜாடியும் சுற்றி வருகிறது. பின்னால் கோழை ஒரு வால் போல் இழுபடுகிறது. செத்த அணுக்கள், உள்ளே புகுந்துவிட்ட கிருமிகள் எல்லாம் அந்த வாலில் ஒட்டிக் கொள்கின்றன. வீட்டைப் பெருக்க வேலைக்காரி வரவில்லையே என்ற கவலை இந்தப் புழுவுக்கு இல்லை. துடைப்பமும் முறமும் சேர்ந்து தாமாகவே உள்ளே வலம் வந்து கொண்டிருக்கின்றன!

இந்த ஜாடிகளை வருஷக் கணக்காக ஆராய்ந்தவர்களில் ஒருவர் பெட்ஸி பாங் என்ற அமெரிக்கப் பெண்மணி. வைத்திய நூல்களுக்குப் படம் வரைந்து கொண்டிருந்தவர். வங்காளத்து நாடோடிக் கதைகளை ஆங்கிலத்தில் குழந்தைகளுக்குச் சொன்னவர். அவரும் அவருடைய கணவர் பிரெடெரிக் பாங்கும் பிரான்ஸ் கடற்கரையில் ரோஸ்காப் என்ற ஊரில் இந்தப் புழுவைப் பிடித்து வைத்துக் கொண்டு சோதனைகள் நடத்தினார்கள். எந்தெந்தப் பொருள் பட்டால் ஜாடி அதிகமாகக் கோழை சுரக்கிறது என்று பார்ப்பதே நோக்கம். ஏன் தெரியுமா? ஆஸ்துமாக்காரர்களின் மார்புச் சளியும், ஜலதோஷத்தில் மூக்கிலிருந்து ஒழுகுவதும், கண்ணைக் காய்ந்து போகாமல் காப்பதும் கோழைதானே! நரம்பின் தூண்டுதல் எதுவும் இல்லாமல் தன்னந்தனியாக நீந்தும் ஜாடி, கோழையின் ரகசியத்தை அறிய வசதியான சாதனம். மனிதருடைய கண்ணீர்த் துளியைக்கூட ஜாடியின் மேல் விட்டுப் பார்த்தார்கள். ஜாடியைச் சுரக்கத் தூண்டும் பொருள் நம் கண்ணீரில் இருப்பதாக 1980-இல் வெளியான ஆராய்ச்சி கூறியது. நாம் விடும் கண்ணீருக்கு உருகும் ஒரு புழு!

குஞ்சுகள் வீடு தேடும் கதை

கடலைப் புழுக்களில் பெரும்பாலும் ஆண் வேறு, பெண் வேறு. ஆனால் பார்வைக்குப் பேதம் தெரியாது. கல்யாணம், காட்சி ஒன்றும் கிடையாது. முட்டைகள் தாயின் உடல் திரவத்தில் மிதந்தபடியே முதிர்கின்றன. முதிர்ந்தவற்றைச் சிறுநீரகக் குழாய்கள் பொறுக்கி எடுத்துக் கடல் ஜலத்தில் விட்டுவிடுகின்றன. ஆணும் விந்தை ஜலத்தில் விடுகிறது. அதன் பிறகு பெற்றோருக்குப் பொறுப்பு இல்லை.

முட்டையிலிருந்து வரும் குஞ்சு முதலில் பம்பரம் போல் சுழன்று நீந்துகிறது. பிறகு பல இனங்களில் ‘பெலாகோஸ்பீரா’ என்ற விசித்திரமான உருவத்தை அடைகிறது. இது தாயைப் போலக் கொஞ்சமும் இருக்காது. இத்தாலியில் மிங்கஸ்ஸினி என்ற விஞ்ஞானி 1905-இல் இந்தக் குஞ்சைப் பார்த்துவிட்டு, முழு வளர்ச்சி பெற்ற புதுப் பிராணி என்றே நினைத்துப் பெயர் சூட்டிவிட்டார். குழந்தையைப் பெரியவர் என்று எண்ணிக் கும்பிட்ட கதைதான்! பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இந்தக் குஞ்சுகள் நீரோட்டத்தில் அகப்பட்டு மாதக்கணக்கில் மிதக்கின்றன. நடுச் சமுத்திரத்தில், கரையே கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் வலையில் விழுகின்றன. இதனால்தான் உலகத்துக் கடல்களில் எல்லாம் ஸிபங்குலஸ் நூடஸ் இருக்கிறது என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். பல தேசத்துப் புழுக்களின் மரபணுக்களை ஒப்பிட்டு 2014-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, ஒரே சாயலும் ஒரே பெயரும் கொண்டு வெவ்வேறு இனங்கள் உலாவுகின்றன என்று காட்டிவிட்டது.

மிதந்தது போதும், வீடு பிடிக்க வேண்டும் என்ற காலம் வந்ததும் குஞ்சு என்ன செய்கிறது? அமெரிக்காவில் புளோரிடாக் கரையில் மேரி ரைஸ் என்ற விஞ்ஞானி இந்த விஷயத்தில் பல ஆண்டுகள் உழைத்தார். கடலோட்டத்திலிருந்து குஞ்சுகளை அள்ளி வந்து கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்தார். ஓர் இனத்தின் குஞ்சுகளுக்கு மணலைக் கொடுத்துப் பார்த்ததில், பெரிய புழுக்கள் முன்பே குடியிருந்த மணல் கிடைத்தால்தான் அவை தாராளமாக உருமாறிக் குடியேறுகின்றன என்று தெரிந்தது. நம்மவர் இருக்கும் தெருதானா என்று விசாரித்து வீடு பிடிப்பது நமக்கு மட்டும் உள்ள வழக்கம் என்று நினைத்திருந்தோம்!

குஞ்சுப் பருவத்தில் தெரிந்த இன்னொரு ரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன். கடலைப் புழுவுக்கு வளையங்கள் இல்லை என்றேன். அதனால் இதை மண்புழு, அட்டை முதலியவற்றோடு சேர்க்காமல் வெகுகாலம் தனிக் குலமாகவே வைத்திருந்தார்கள். 2008-இல் குஞ்சுகளின் நரம்புகளுக்குச் சாயமேற்றிப் பார்த்தபோது, அவை கண்டம் கண்டமாக வளரத் தொடங்கி, பிறகு அந்த அடையாளம் மறைந்து போவது கண்ணுக்குத் தெரிந்தது. மரபணுக்களும் அதே சாட்சி சொல்கின்றன. மண்புழுவுக்கு இது பங்காளிதான். வளையங்களை வழியில் கைவிட்ட பங்காளி.

மணலில் ஒரு சுவடு

இவ்வளவு ஜாக்கிரதையாக ஒளிந்து வாழும் ஜீவனையும் கண்டுபிடித்துவிடும் கண்கள் இருக்கின்றன. வியட்நாம் தேசத்தின் வடகிழக்குக் கோடியில், குவாங் நின் மாகாணத்தைச் சேர்ந்த வான் டோன் தீவுகளில் இருக்கும் பெண்களின் கண்கள் அவை.

அங்கே இந்தப் புழுவுக்கு ‘சா சூங்’ என்று பெயர். கடல் வற்றும் நேரத்தில் குவான் லான், மின் சாவ் முதலிய ஊர்களின் பெண்கள் தலைக்குத் துணி சுற்றி, தொப்பி அணிந்து, நீளக் காம்புள்ள குறுகிய மண்வெட்டியோடு மணல்வெளிக்குப் போகிறார்கள். ஈர மணலில் புழு விட்டிருக்கும் சின்னஞ்சிறு சுவட்டை நடந்து கொண்டே கண்டுகொள்ள வேண்டும். கண்ட மாத்திரத்தில் ஒரே வெட்டாக வெட்டிப் புரட்ட வேண்டும். ஒரு கணம் தாமதித்தால் ஆள் ஆழத்துக்குப் போய்விடுவான். பக்கத்தில் வெட்டினால் புழு இரண்டு துண்டாகிவிடும். கடல் திரும்பி வருவதற்குள் கிடைத்ததுதான் அன்றைய கூலி.

பிடித்ததைக் குச்சியால் உள்வெளியாகத் திருப்பி, வயிற்று மணல் போகக் கழுவி, வெயிலில் உலர்த்துகிறார்கள். உலர்ந்த சா சூங்கை வாணலியில் மணம் வர வறுத்து, ‘ஃபோ’ என்னும் தங்கள் பிரசித்தமான ரசத்தில் போடுகிறார்கள். எலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவிட்டு, அரிசிச் சேவையின் மேல் ஊற்றிச் சாப்பிடும் ரசம் அது. புழுவிலுள்ள அமினோ அமிலங்கள் அதற்கு ஒரு தனித் தித்திப்பைக் கொடுக்கின்றன. கடையில் சுவையூட்டும் பொடி மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு பல சமையற்காரர்கள் சா சூங்கை மறந்தார்கள். உலர்ந்த புழு அவ்வளவு விலை! பல கிலோப் பச்சைப் புழுவை உலர்த்தினால்தான் ஒரு கிலோ தேறும்.

சீனாவில் ஷியாமென் நகரத்தில் இதன் உறவினன் ஒருவனை வேகவைத்து ஆறவிடுகிறார்கள். தோலிலுள்ள பசை கரைந்து, பளிங்கு மாதிரி உறைந்துவிடுகிறது. ‘மண் மூங்கில்குருத்து உறைவு’ என்று கவித்துவமாகப் பெயர் வைத்து, காடி கலந்த சாற்றோடு சாப்பிடுகிறார்கள். நான் சாப்பிட்டதில்லை. நீங்கள் கேட்பதற்கு முன் சொல்லி வைக்கிறேன்!

வான் டோன் பெண்களுக்கு இது நாக்கு ருசியைப் பற்றிய சமாசாரம் அல்ல. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளமும் வீட்டுச் செலவும் இந்த மணலிலிருந்து வருகின்றன. விலை ஏற ஏறத் தோண்டுகிறவர்களும் பெருகி, முன்போல் புழு கிடைக்கவில்லை என்ற முறையீடு எழுந்திருக்கிறது. தோண்டிக் கொண்டே போனால், குடியேற வரும் குஞ்சுகளுக்கு மணம் காட்டப் பெரியவர்கள் மிஞ்ச வேண்டாமா? தென் சீனக் கரையில் இப்போது குஞ்சு பொரிக்க வைத்துக் குளங்களில் வளர்க்கவும் செய்கிறார்கள்.

கல் வீட்டுக் குடித்தனம்

மணல் வீட்டில் இந்த அபாயம் உண்டு. கல் வீடு பிடித்துக் கொண்ட ஒரு கிளையும் இந்த வம்சத்தில் இருக்கிறது. அதன் பெயர் அஸ்பிடோஸைபன். தும்பிக்கையை இழுத்துக் கொண்டதும் வாசலை அடைத்துக் கொள்ள உடம்பின் முன்பக்கத்திலேயே ஒரு கெட்டியான கேடயம், அதாவது கதவு, உண்டு.

இது சின்ன வயதில் ஒரு காலி நத்தைக் கூட்டுக்குள் நுழைந்து கொள்கிறது. அந்தக் கூட்டின் மேல் ஒரு பவளக் குஞ்சு வந்து உட்காருகிறது. பவளம் வளர்ந்து கூட்டையே மூடிவிடுகிறது. ஆனால் புழுவை அடைத்துவிடுவதில்லை. அடிப்பக்கத்தில் ஒரு வாசல் விட்டு, புழு பெரிதாக ஆக உள்ளே சுருள் அறையும் நீண்டு கொண்டே போகிறது. காற்றோட்டத்துக்குச் சின்னத் துவாரங்கள் வேறு!

வாடகை? அதையும் புழு ஒழுங்காகச் செலுத்துகிறது. பவளம் பாறையில்தான் நிலைக்கும். சேற்று மணலில் விழுந்தால் புதைந்து சாக வேண்டியதுதான். இந்தப் பவளமோ அந்த மணலிலேயே வாழ்கிறது. தும்பிக்கையை நீட்டி மணலில் ஊன்றி, வீட்டையே முதுகில் இழுத்துக் கொண்டு புழு நடக்கிறது. பவளம் குப்புற விழுந்தால் நிமிர்த்தி வைக்கிறது. புழு போய்விட்டால் பவளத்துக்கு மரணந்தான். அதனால் இதற்கு ‘நடக்கும் பவளம்’ என்றே பெயர்.

இந்தக் குடித்தனத்தின் கதையில் நம் பக்கத்துக் கடலுக்கும் பங்கு உண்டு. முத்துக் குளிப்பு பல ஆண்டுகள் பொய்த்துப் போனதால், மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களைச் சோதிக்க 1902-இல் ஹெர்ட்மன் என்ற பிரிட்டிஷ் பேராசிரியர் இலங்கைக்கு வந்தார். முத்துச் சிப்பியோடு கூடவே கண்ணில் பட்ட பிராணிகளையெல்லாம் அவர் சேகரித்துப் போனார். அவற்றில் நடக்கும் பவளங்களும் இருந்தன. அவற்றை ஆராய்ந்த போர்ன் என்ற விஞ்ஞானி, புழு குடியிருக்கும் அதே பவளத்தில் மிகச் சின்னச் சிப்பி ஒன்றும் ஒட்டிக் கொண்டு வாழ்வதைக் கண்டுபிடித்து 1906-இல் எழுதினார். குடித்தனக்காரன் வைத்த உள்குடித்தனம்!

2017-இல் இன்னொரு செய்தி வந்தது. ஜப்பானில் கியோட்டோ சர்வகலாசாலையைச் சேர்ந்த மொமொகோ இகாவாவும் மகோடோ கேடோவும் அமாமித் தீவுகளுக்கருகே 60 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்திலிருந்து நடக்கும் பவளங்களை எடுத்துப் பார்த்தார்கள். சிலவற்றில் புழுவைக் காணோம்! உள்ளே ஒல்லியான ஒரு சன்னியாசி நண்டு உட்கார்ந்திருந்தது. சன்னியாசி என்று பெயரே தவிர, வளர வளரப் பெரிய வீடு தேடி நத்தைக் கூடு மாற்றிக் கொண்டே அலையும் ஜாதி அது. இந்த நண்டுக்கு மட்டும் அந்தத் தொல்லை இல்லை. வீடே கூட வளர்கிறது. அதுவும் நன்றி மறக்கவில்லை. புழு செய்த வேலையை அப்படியே செய்கிறது. தொட்டியில் விட்டுப் பார்த்தபோது, பவளத்தைச் சுமந்து நடந்தது. மணல் மூடியபோது வெளியே இழுத்து வந்தது. கவிழ்த்து வைத்தபோது நிமிர்த்திக் கொண்டது.

பவளம் குடித்தனக்காரர் மாறியதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.